ரீச்சரின் தபால்: மாநாட்டுக்கு லீவும் காசும்

போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். "மாநாடுகளுக்குப் போங்கள், ஆசிரியர் அறைக் கதிரையை விட்டு ஒருதரம் எழும்புங்கள்" என்று. அதற்கு வந்த கடிதங்கள் என் வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குவிந்து கிடக்கின்றன. பாதிப்பேர் கோபமாகவே எழுதியிருக்கிறார்கள்: "சொல்வது சுகம் ரீச்சர், லீவை யார் தருவது, காசை யார் தருவது?" நியாயமான கோபம். முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து, அதில் கடைசி ஐந்து வருடம் ஆசிரிய ஆலோசகராகக் கொழும்புப் பாடசாலைகளுக்கு ஏறி இறங்கியவள் நான். எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் மாகாணப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் போதாது. அதனால் யோகட் கப், ஊசி இல்லாத மருந்துக் குழாய், செவ்வரத்தம்பூச் சாறு இவற்றை வைத்து இரசாயனச் செயன்முறைகள் செய்விக்கிறேன். இதைப் பற்றிப் பேசச் சென்னையில் நடக்கும் ஒரு கல்வி மாநாட்டுக்கு என் ஆய்வுச் சுருக்கம் தெரிவாகியிருக்கிறது. இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. அதிபரிடம் சொன்னேன். "பாப்பம் ரீச்சர்" என்றார். பதிவுக் கட்டணம் 100 டொலர். எங்கே தொடங்குவது?
– விஞ்ஞான ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் அந்தப் "பாப்பம்". வாயால் கேட்டீர்கள், வாயால் பதில் வந்தது. அவ்வளவுதான். அதில் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. நாளைக்கே எழுத்தில் கொடுங்கள்.

எப்படி எழுதுவது என்று சொல்லுமுன் என் கதை ஒன்று. 2011-இல் எனக்கும் சென்னையில் ஒரு மாநாடு வாய்த்தது. அழகான தமிழில் ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதி, அதிபரின் சிபாரிசோடு மேலே அனுப்பினேன். ஏழு வாரம் சத்தமில்லை. அனுமதிக் கடிதம் என் கைக்கு வந்தபோது மாநாடு முடிந்து இரண்டு நாள். எந்தக் கந்தோர் என்று எழுதமாட்டேன். அங்கே இருந்தவர்களில் சிலர் இன்றும் எனக்கு முகம் பார்த்துச் சிரிப்பவர்கள். பிறகு ஒருநாள் வேறு அலுவலாகப் போனபோது அந்தக் கோப்பைப் பார்க்கக் கிடைத்தது. என் கடிதத்தின் மேல் மூலையில் பென்சிலால் யாரோ "மொழிபெயர்க்க" என்று சிங்களத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மொழிபெயர்க்க யாரும் இருக்கவில்லை. கடிதம் சும்மா படுத்திருந்திருக்கிறது.

தமிழும் அரசகரும மொழி என்று 1987-இல் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமையை விடச்சொல்லி நான் சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் ஒன்பது வாரம்தான் இருக்கிறது, பிள்ளை. தமிழ்க் கடிதத்தோடு சிங்களப் பிரதி ஒன்றையும் இணையுங்கள். உங்கள் பாடசாலையில் இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பிக்கும் ரீச்சருக்கு ஒரு தேத்தண்ணியும் இரண்டு ரோல்ஸும் வாங்கிக் கொடுத்தால் அரை மணித்தியாலத்தில் எழுதித் தருவார். உரிமைச் சண்டையை மாநாட்டால் வந்தபிறகு ஆறுதலாகப் பிடிக்கலாம், நான் பிடித்தேன்.

இனிக் கடிதம். நம்மவர்கள் எழுதும் கடிதங்களை ஆலோசகராக இருந்தபோது நிறையப் பார்த்திருக்கிறேன். "எனது வாண்மை விருத்திக்கு இது பேருதவியாக அமையும்" என்று தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். அதிபரின் தலைக்குள் அந்நேரம் ஓடுவது உங்கள் வாண்மை அல்ல. "தரம் 10-ஐ யார் பார்ப்பது? பெற்றார் கேட்டால் என்ன சொல்வது?" என்பதுதான். ஆகவே அதற்குப் பதிலை முதல் பந்தியிலேயே வையுங்கள். இப்படி:

"மாநாட்டு நாட்கள் மூன்றிலும் எனக்கு மொத்தம் 14 பாடவேளைகள் உண்டு. ஒன்பதை என் சக விஞ்ஞான ஆசிரியர்கள் இருவர் எடுக்கச் சம்மதித்துக் கையொப்பமிட்டுள்ளனர். மிகுதி ஐந்தையும் அதற்கு முந்திய வாரம் நானே மேலதிகமாக எடுத்து முடிப்பேன். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் எமது விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு செயலமர்வு நடத்துவேன். அயல் பாடசாலை ஆசிரியர்களும் கலந்துகொள்ளலாம்."

வராத ரீச்சரின் பாடவேளையை யார் பார்ப்பது என்ற ரிலீஃப் பட்டியலைப் போடும் பிரதி அதிபரிடம் இந்தப் பந்தியை முதலில் காட்டுங்கள். அவர் தலையாட்டினால் அதிபரின் "பாப்பம்" பாதி கரைந்துவிடும்.

கடிதத்தில் இன்னொரு வரி கட்டாயம் வேண்டும்: "கடமை லீவாக வழங்க இயலாவிடின் எனது சொந்த லீவில் கழித்து அனுமதி தந்தாலும் எனக்குச் சம்மதம்." இது இல்லாவிட்டால், கடமை லீவு கொடுக்கலாமா என்ற ஒரு கேள்விக்காகவே கோப்பு மேசை மேசையாகத் திரியும். இந்த வரி இருந்தால் ஒப்பமிடுபவருக்குக் கையில் இரண்டு வழி. அதோடு, "பயணச்சீட்டு எடுப்பதற்காக இன்ன திகதிக்கு முன் பதில் தேவை" என்றும் எழுதுங்கள். 2011-இல் நான் திகதி போடவில்லை. திகதி இல்லாத கடிதத்துக்கு எந்தக் கந்தோரிலும் அவசரம் இல்லை.

நாட்டைவிட்டு வெளியே போவதால் கடிதம் மட்டும் போதாது. பொது 126 என்ற வெளிநாட்டு லீவுப் படிவம் நிரப்ப வேண்டும். மாநாடு பாடசாலை விடுமுறையில் வந்தாலும் அரச ஆசிரியருக்கு இந்த அனுமதி தேவை. "லீவு நாள்தானே" என்று பறந்துபோய் வந்து விளக்கம் எழுதிக் கொடுத்தவர்களைத் தெரியும். உங்களுடையது மாகாணப் பாடசாலை, ஆகவே கோப்பு அதிபரிடமிருந்து வலயக் கல்வி அலுவலகம் போய், அங்கிருந்து மாகாணத்துக்கு ஏறும். தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாய, அதாவது கல்வி அமைச்சுப் பக்கம் போகும். எந்த வழி போனாலும், ஒவ்வொரு படியிலும் கோப்பு எந்த மேசையில், என்ன இலக்கத்தில் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். "என்ட லீவு என்னாச்சு?" என்று கேட்பவருக்குத் தேடிப் பார்க்கவேண்டும். இலக்கத்தோடு கேட்பவருக்கு எடுத்துப் பார்த்தால் போதும்.

ஒரு சிரிப்பு. வெளிநாட்டு லீவுப் படிவம் கேட்ட ஒரு தங்கச்சிக்கு, 2022 ஜூனில் வந்த 14/2022 சுற்றறிக்கையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அது ஐந்து வருடம் வரை சம்பளமில்லாமல் வெளியே போக விட்ட சுற்றறிக்கை. மூன்று நாள் கேட்டவளுக்கு ஐந்து வருடம். வீட்டில் காட்டியபோது மாமியார் மிகவும் சந்தோஷப்பட்டாராம்.

காசுக்கு வருவோம். அரச செலவில் வெளிநாட்டுப் பயணம் என்பது 2022 நெருக்கடிக்குப் பிறகு இறுகிப்போன கதவு. அதில் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். மொத்தச் செலவையும் ஒருவரிடம் கேட்கவும் வேண்டாம். துண்டு துண்டாகக் கேளுங்கள்.

பதிவுக் கட்டணத்தை மாநாட்டுக்காரரிடமே கேட்க வேண்டும். நம்மவர்களுக்கு இதில் ஒரு கூச்சம், பிச்சை கேட்பது போல. அப்படி இல்லை, பல மாநாடுகளில் நாடுகளின் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வைக்கிறார்கள், உலக வங்கியின் பட்டியல்படி. அதில் ஒரு குழி இருக்கிறது. 2019-இல் இலங்கையை மேல் நடுத்தர வருமான நாடு என்று உயர்த்தினார்கள்; அடுத்த வருடமே, 2020-இல், கீழ் நடுத்தரத்துக்கு இறக்கிவிட்டார்கள். பழைய பட்டியலை வைத்திருக்கும் அமைப்பாளர்கள் எங்களை இன்னும் கூடிய கட்டண வரிசையில் போட்டிருப்பார்கள். ஒரு மின்னஞ்சல் எழுதித் திருத்தக் கேளுங்கள். பேச்சாளர் என்பதால் முழுக் கழிவு உண்டா என்று அதே மின்னஞ்சலில் கேளுங்கள். மண்டப வாசலில் பதிவு மேசையில் நின்று உதவி செய்தால் கட்டணம் இல்லை என்பதும் சில இடங்களில் வழக்கம். 100 டொலர் என்பது 2022 மார்ச் தொடக்கத்தில் இருபதாயிரம் ரூபாய், மே மாதத்தில் முப்பத்தாறாயிரம், 2024-இல் முப்பதாயிரத்தைச் சுற்றி நின்றது. ஆகவே வரவு செலவுத் திட்டத்தில் டொலரையும் எழுதுங்கள், எந்தத் திகதி விலை என்பதையும் எழுதுங்கள்.

தங்குமிடம்: சென்னை வளசரவாக்கத்தில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத கொழும்புத் தமிழரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மூன்று நாள்தான். கையில் ஒரு பெட்டி மஸ்கற் கொண்டுபோங்கள்.

மிச்சம் விமானச் சீட்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் ஓர் ஆளின் பயணத்துக்குக் காசு கேட்க நான் துணியமாட்டேன். கணக்காய்வு வினா வந்தால் அதிபர்தான் மாட்டுவார். வந்தபிறகு வைக்கும் செயலமர்வுக்கான பொருட்களுக்குக் கேளுங்கள், அது பிள்ளைகளுக்கான செலவு. சீட்டுக்குப் பழைய மாணவர் சங்கம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் பெடியள் கூடைப்பந்துத் திடலுக்கு லட்சக்கணக்கில் அனுப்புவார்கள், ஏனென்றால் அதில் பெயர்ப்பலகை மாட்டலாம். ரீச்சரின் விமானச் சீட்டில் பலகை மாட்ட இடமில்லை. அதனால் பயணமாகக் கேட்காதீர்கள், பெட்டியாகக் கேளுங்கள்: "செலவு குறைந்த ஆய்வுகூடப் பெட்டிகள் 20, ஆசிரியர் செயலமர்வு ஒன்று, அதற்கான பயிற்சிப் பயணம்" என்று ஒரே திட்டமாக எழுதி, பெட்டி மூடியில் அவர்கள் சங்கத்தின் பெயரை ஒட்டுங்கள். றோட்டரி, லயன்ஸ் கழகங்களுக்கும் இதே கடிதம் பொருந்தும். அவர்களும் ஆளுக்குக் கொடுப்பதில்லை, திட்டத்துக்குத்தான் கொடுப்பார்கள்.

சேரும் காசை உங்கள் சொந்தக் கணக்கில் போடவிடாதீர்கள். சங்கமே சீட்டை வாங்கட்டும். பொது 126-இல் செலவை யார் ஏற்கிறார்கள் என்று எழுதும்போது அந்தச் சங்கத்தின் கடிதத்தை இணைக்கலாம்.

விசாவை மறக்க வேண்டாம். இந்தியாவுக்கு மாநாட்டு விசா என்றே தனி வகை உண்டு. சுற்றுலா விசாவில் போய் மேடையில் பேசலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அமைப்பாளரின் அழைப்புக் கடிதத்தை இந்த வாரமே எடுங்கள்.

கேள்வி: என் மனைவி ஆசிரியை. கையிலிருந்து எழுபதாயிரம் போட்டு ஒரு மாநாட்டுக்குப் போகப் போகிறாவாம். வீட்டுக் கடன் இருக்கிறது. சம்பளமும் இதனால் கூடப்போவதில்லை. நீங்கள்தான் எழுதி உசுப்பேற்றியது. நீங்களே நிறுத்துங்கள்.
– கணவர், தெகிவளை

பதில்: தம்பி, எழுபதாயிரமும் கையிலிருந்து என்றால் நானும் உங்கள் பக்கம். மேலே கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு எழுதியதை இருவருமாக வாசியுங்கள். எழுபதாயிரத்தில் பாதியைக் குறைக்கலாம். மிச்சப் பாதிக்கு நான் நடுவராக வரமாட்டேன். போன கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கு வீட்டில் புது ரீவி வந்ததா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: பாங்கொக்கில் ஓர் "உலகக் கல்வி மாநாட்டில்" பிரதான பேச்சாளராக வரும்படி எனக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று விளித்திருக்கிறார்கள். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியர். 350 டொலர் கட்டினால் சான்றிதழும் கேடயமும் தருவார்களாம். அனுமதிக்கு விண்ணப்பிக்கவா?
– ஆசிரியர், மட்டக்குளி

பதில்: வேண்டாம். பிரதான பேச்சாளருக்கு மாநாட்டுக்காரர் காசு கொடுப்பார்கள், வாங்கமாட்டார்கள். உங்களைப் பேராசிரியர் ஆக்கியதிலேயே விஷயம் தெரிகிறதே. இன்னொன்றும் பாருங்கள்: ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் கல்வி, பல் வைத்தியம், மீன்வளம், முகாமைத்துவம் நாலுக்கும் "உலக மாநாடு" நடக்கும். சுருக்கம் அனுப்பினால் அடுத்தநாளே "தெரிவாகிவிட்டது" என்று வரும். உண்மையான மாநாட்டில் யாராவது இருந்து வாசிப்பார்கள், அதற்கு வாரக்கணக்கில் எடுக்கும், சிலவேளை திருத்தச் சொல்லித் திருப்பியும் அனுப்புவார்கள். இப்படிப்பட்ட ஒன்றுக்கு அதிபரிடம் ஒருதரம் ஒப்பம் வாங்கிவிட்டால், அடுத்தமுறை நல்ல மாநாட்டோடு போகும்போது அவர் உங்களை நம்பமாட்டார். 350 டொலரைவிடப் பெரிய நட்டம் அது.

கேள்வி: பம்பலப்பிட்டியில் சர்வதேசப் பாடசாலை ஒன்றில் வேலை. மாநாட்டுக்கு முழுச் செலவையும் நிர்வாகம் தருகிறதாம், ஆனால் மூன்று வருடம் விலகமாட்டேன் என்று ஒப்பந்தம் எழுத வேண்டுமாம். எழுதலாமா?
– ஆசிரியை, பம்பலப்பிட்டி

பதில்: நான்கு நாள் மாநாட்டுக்கு மூன்று வருடம் கூடுதல். ஒரு வருடத்துக்குப் பேசிப் பாருங்கள். இடையில் விலகினால் முழுத் தொகையா, மிச்ச மாதங்களுக்கு ஏற்ற தொகையா என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். "மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டு போகும்" என்ற வசனம் இருக்கவேண்டும். தொகை ரூபாயிலா டொலரிலா என்பதும் முக்கியம். 2022-இல் டொலரில் ஒப்பமிட்டிருந்த ஒருவர் விலகப்போய்ப் பட்ட பாட்டை அருகில் இருந்து பார்த்தேன். பொது 126, வலயம் ஒன்றும் உங்களுக்கு இல்லை, அந்தமட்டில் அதிர்ஷ்டசாலி.

கேள்வி: பௌத்தாலோக மாவத்தையால் பஸ்ஸில் போகும்போது பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தை வெளியே இருந்து பார்த்ததோடு சரி. வெளிநாடு எனக்குச் சரிவராது, சின்னப் பிள்ளைகள் இரண்டு. கொழும்புக்குள்ளேயே ஏதாவது இருக்கிறதா? நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன், அக்கா விஞ்ஞானம்.
– சகோதரிகள், வெள்ளவத்தை

பதில்: அடடா, பக்கத்துத் தெருக்காரர். அந்த மண்டபத்தை 1973-இல் சீனா கட்டிக் கொடுத்தது. நான் முதலில் உள்ளே போனதும் மாநாட்டுக்கு அல்ல, புத்தகக் கண்காட்சிக்குத்தான்.

ஆங்கில ரீச்சருக்கு இலங்கை ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் இருக்கிறது, ஸ்லெல்டா என்பார்கள். அங்கத்துவம் எடுத்து, அவர்கள் கூட்டங்களில் போய் உட்காருங்கள். பிறகு நீங்களே இருபது நிமிடம் பேசக் கேளுங்கள். ஐரெஃபல் என்ற சர்வதேச ஆங்கில ஆசிரியர் சங்கம், 1967-இல் தொடங்கியது, ஒவ்வொரு வருடமும் பிரித்தானிய நகரம் ஒன்றில் மாநாடு வைக்கிறது. 2024-இல் பிரைற்றன், 2025-இல் எடின்பரோ. அதற்குப் புலமைப்பரிசில்கள் உண்டு, ஆனால் மாநாட்டுக்கு முந்திய வருட நடுப்பகுதியிலேயே விண்ணப்பம் கேட்பார்கள். நம்மவர்கள் மாநாடு நடக்கும் செய்தி வந்தபிறகு தேடத் தொடங்குவதால் தவறவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் "இதற்கு முன் உள்நாட்டில் என்ன செய்தீர்கள்" என்று கேட்கும் இடத்தில் எழுத, ஸ்லெல்டாவில் பேசிய அந்த இருபது நிமிடம் உதவும். பிள்ளைகள் வளரட்டும், வழி திறந்திருக்கட்டும்.

அக்காவுக்கு இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம், 1944-இலிருந்து இருக்கிறது. அதன் வருடாந்த அமர்வு டிசெம்பரில் வரும். தவணை விடுமுறையோடு ஒட்டி வந்தால் கடமை லீவுச் சிக்கல் பெரும்பாலும் வராது. உள்நாட்டு நிகழ்ச்சி என்பதால் பொது 126-உம் இல்லை. வார நாளில் வந்தால் அதிபருக்கு ஒரு கடிதம், ரிலீஃப் பட்டியல், வருகைச் சான்றிதழின் பிரதி போதும்.

மஹரகம தேசிய கல்வி நிறுவகத்துக்கும் ஒருநாள் போங்கள். கோட்டையிலிருந்து 138 பஸ். அங்கே பாடத்துக்குப் பாடம் திணைக்களம் இருக்கிறது, தமிழ்மொழிமூல அலுவலர்களைக் கேட்டுச் சந்தியுங்கள். அடுத்த செயலமர்வை நடத்தித் தர வளவாளர் தேவைப்படும்போது அவர்களுக்கு உங்கள் பெயர் ஞாபகம் வரவேண்டும். வளவாளராகக் கூப்பிட்டால் கடிதம் அவர்களிடமிருந்து அதிபருக்கு வரும். நீங்கள் லீவு கேட்கத் தேவையில்லை, அவர்களே உங்களைக் கேட்பார்கள். 

மாநாட்டு மண்டபங்களில் ஏசியைக் கூட்டிவிடுவார்கள். ஆளுக்கொரு சால்வை கொண்டுபோங்கள்.